அடுத்த பக்கம் திறக்கவில்லை

“உது எழுத்தோ? கோழி கிளறின குப்பை மாதிரிக் கிடக்கு. வாசிக்கிறாராம், வாசிக்கிறார்!”

“எனக்கு விளங்குது. நீர் சத்தம் போடாதையும்.”

“என்ன விளங்குது? எனக்கு ஏ பி சி டி தெரியாதெண்டு நினைச்சியளோ? நான் கொன்வென்ட்டில படிச்சனான். உதில ஒரு சொல்லுக்கும் கருத்தில்லை.”

“இது இங்கிலீசில்லையப்பா. தமிழ்.”

“தமிழோ! அப்ப நான் இவ்வளவு காலமும் உங்களோட கதைச்சது என்ன பாஷை?”

தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் நடந்த இந்தச் சண்டையை மஸீனா கவுண்டரில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்காமல் இருக்கவும் வழியில்லை. கண்டி மஹய்யாவையில் அவளுடைய கடை ஒரு பெரிய அலுமாரி அளவுதான். அதற்குள் நாலு கொம்பியூட்டர், ஒரு ஃபோட்டோகொப்பி மெஷின், வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க ஒரு கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்குள் கதைப்பது வெளியே கேட்காது என்று போர்டில் எழுதியிருந்தது. அதுவும் பொய்.

இது 2007இல் நடந்தது. யுத்தம் வடக்கிலும் கிழக்கிலும் நடந்துகொண்டிருந்தது. கண்டிக்கு அது பையைத் திறந்து காட்டும் வேலையாக வந்து சேர்ந்திருந்தது. பாலத்தில் காட்டு, பஸ் ஸ்டாண்டில் காட்டு, பெரஹரா ஊர்வலம் வந்தால் இரண்டு தரம் காட்டு. மஸீனா மடவளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அவளுடைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் என்ன கறி என்பது செக்பொயின்ட் பொடியன்களுக்கு அவள் புருஷன் ஹாஷிமை விட நன்றாகத் தெரியும். ஹாஷிம் கட்டாரில் இருந்தான்.

மஸீனாவுக்கு ஒரு பெருமை இருந்தது. திறக்காத வெப்சைட்டைத் திறக்க வைப்பாள். படம் வரவேண்டிய இடத்தில் சிவப்புப் புள்ளடி வந்தால், எழுத்து வரவேண்டிய இடத்தில் பெட்டி பெட்டியாக வந்தால், கனடாவில் நடந்த கலியாண அல்பத்தில் மாப்பிள்ளையின் தலை ஒரு மூலையிலும் உடம்பு இன்னொரு மூலையிலும் கிடந்தால், எல்லோரும் “மஸீனா ராத்தா!” என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் வந்து, முதலில் ஒரு ‘ரிஃப்ரெஷ்’ அடிப்பாள். அதில் சரிவராவிட்டால் பழைய குப்பையை அழிப்பாள். அதிலும் சரிவராவிட்டால் “அவங்கட சேர்வர்ல பிழை” என்பாள். இந்தக் கடைசி மருந்து ஒருநாளும் தோற்றதில்லை.

தமிழ் வெப்சைட்டுகள்தான் பெரிய நோயாளிகள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்தது. அந்த எழுத்துரு உங்கள் மெஷினில் இல்லாவிட்டால் தமிழ் வராது. அந்தத் தமிழுக்கு அடித்த ஆங்கில விசைகள்தான் வரிசையாக வந்து நிற்கும். அம்மா என்ற சொல் mk;kh என்று வரும். பெற்ற தாய் பார்த்தாலும் அடையாளம் தெரியாது.

சில தளங்கள் எழுத்துருவைத் தங்களோடே கூட்டிக்கொண்டு வரும். ஆனால் அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான். அந்த நீல ‘ஈ’யை மஸீனா நாலு மெஷினிலும் ஒளித்து வைத்திருந்தாள். அதைத் திறந்தால் போதும், உங்களுக்குப் பரிசாகக் கார் விழுந்திருக்கிறது என்று ஒரு ஜன்னல் குதிக்கும். அதை மூடினால் உடுப்புக் குறைந்த ஒரு வெள்ளைக்காரி குதிப்பாள். அசர் தொழுதுவிட்டு வருகிற ஹாஜியார்மார் இருந்து பேப்பர் வாசிக்கிற கடையில் இது சரிவருமா? அதனால் எல்லோருக்கும் ஃபயர்ஃபொக்ஸ்தான்.

ஆகவே, மூன்றாம் மெஷினில் நடக்கிற சண்டைக்குக் காரணம் என்ன என்பது அவளுக்கு எழும்பிப் போகாமலே விளங்கிவிட்டது. கவுண்டரை விட்டு எழும்பினாள்.

“என்ன அன்ட்டி, எழுத்து வரல்லயா? ஒரு நிமிசம் தாங்க, நான் சரியாக்கித் தாறேன்.”

செசிலியா அன்ட்டி உடனே கதிரையைத் தள்ளி இடம் விட்டா. ஆனால் அவவுடைய புருஷன் இராஜரத்தினம் கையிலிருந்த பேப்பரை விரித்துத் திரையை மூடிக்கொண்டார். சும்மா மூடவில்லை, கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம் பிள்ளை. எனக்கு இப்பிடியே காணும்.”

“அங்கிள், இது இப்படி வாசிக்கிற சாமான் இல்லையே. எக்ஸ்ப்ளோரர்ல போட்டா அழகா தமிழ்ல வருமே.”

“தமிழில வரக்கூடாது!” என்றார் இராஜரத்தினம். பிறகு குரலைத் தணித்து, “எனக்கு இது பழக்கம் பிள்ளை. நான் வாசிப்பன். அப்பிடியே பிரின்ட் அடிச்சுத் தாரும். அடுத்த பக்கம் ஒண்டிருக்கு, அது திறக்குதில்லை. அதை மட்டும் ஒருக்காப் பாரும். ஆனால் வாசிக்க வேண்டாம்” என்றார்.

“எனக்கு வாசிக்கத் தெரியாதே அங்கிள்.”

“அதுதான் நல்லது.”

யாழ்ப்பாணத்து இளவாலையிலிருந்து கண்டிக்கு வந்து, கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் தமிழ் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, கணக்குப் பகுதியில் பெரிய கதிரை வரைக்கும் போனவர் இராஜரத்தினம். கொம்பியூட்டர் வந்த நாளிலிருந்து அரசாங்கத்தின் தமிழ்க் கடிதமெல்லாம் அவருடைய பத்து விரலால்தான் வெளியே போனது. எந்த விசையை அடித்தால் எந்தத் தமிழ் எழுத்து வரும் என்பது அவருடைய விரல்களுக்குப் பாடம். அதனால் எழுத்துரு இல்லாத பக்கத்தைப் பார்த்தால், மேசை ஓரத்தில் விரலை மெல்லத் தட்டிக்கொண்டே வாசித்துவிடுவார். கிளாக்கர்ப் பழக்கம் என்று மனுசி திட்டுவா. இன்றைக்கு அவருக்கு அந்தப் பழக்கம் ஆண்டவர் கொடுத்த வரம். யாருக்கும் வாசிக்கத் தெரியாத பக்கம். வாசிக்க வேண்டிய ஆள் அவர் மட்டும்.

மஸீனா ‘அடுத்த பக்கம்’ என்று அவர் காட்டிய வரியை அழுத்திப் பார்த்தாள். வெள்ளைப் பக்கம் வந்தது. ரிஃப்ரெஷ் அடித்தாள். வெள்ளை. பழைய குப்பையை அழித்தாள். அதே வெள்ளை.

“அவங்கட சேர்வர்ல பிழை அங்கிள்.”

வந்த ஒரு பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தாள். இராஜரத்தினம் அதை நாலாக மடித்து, சேர்ட் பொக்கெட்டில், அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். வெளியே பொன்னையாவின் த்ரீவீல் நின்றது. இரண்டு பேரும் ஏறிப் போனார்கள். செசிலியாவின் முணுமுணுப்பு வளைவு திரும்பும் வரைக்கும் கேட்டது.

அவர்கள் குடித்த தேத்தண்ணிக் கப்பைக் கழுவிக்கூட வைக்கவில்லை, அதற்குள் பொன்னையாவின் த்ரீவீல் திரும்பி வந்து கடை வாசலில் முட்டுகிற மாதிரி நின்றது. பொன்னையா மஹய்யாவையிலேயே பிறந்து வளர்ந்தவன். எந்தச் செய்தியையும் மெதுவாகச் சொல்லத் தெரியாதவன்.

“ராத்தா! ஒங்க மூணாம் நம்பர் மெஷின் ஐயாவ புடிச்சிட்டாங்க!”

“யாரு?”

“யாரு புடிப்பாங்க, கிறிக்கெட் போர்டா புடிப்பாங்க? பாலத்துக்கிட்ட செக்பொயின்ட்ல! ஐசி கார்ட எடுங்கன்னாங்க. எடுத்தாரு. கூடவே அந்தக் கடதாசியும் வந்திருச்சு.”

“அதுல ஒண்ணும் இல்லையே?”

“அதாங்க பிரச்சன! ஒண்ணுமில்லாத கடதாசியா இருந்தா சும்மா குப்பைன்னு விட்டிருப்பாங்க. அந்த ஆமிக்காரப் பய ‘மே மொகத’ன்னு கேட்டான், இது என்னன்னு. இவரு தமிழ்ங்கிறாரு. அவன் யாழ்ப்பாணப் பக்கம் இருந்துட்டு வந்தவன் போல, தமிழ் எழுத்து தெரியும். இது தமிழ் இல்ல, சும்மா பைத்தியக்காரக் கிறுக்கல்ன்னான். அதோட விட்ருக்கலாம்ல? ஆமாங்க மாத்தயா, பைத்தியந்தான்னு சொன்னா வீட்டுக்குப் போயிருக்கலாம். ஐயாவுக்கு ரோசம் வந்திருச்சு. ‘நான் வாசிச்சுக் காட்டுறன்’ன்னு, என் சீட்டு மேல விரல வச்சுத் தட்டித் தட்டி, ஒரு வரிய கடகடன்னு வாசிச்சாரு பாருங்க!”

மஸீனா தலையில் கை வைத்தாள். “அல்லாஹ்வே.”

“யாழ்ப்பாணத்து ஐசி. ரகசிய எழுத்து. அத வெரல்ல தந்தி அடிச்சு வாசிக்கிற ஆளு. அவன் பயந்து ரெண்டடி பின்னால போயிட்டான் ராத்தா. மிச்சத்தையும் வாசின்னான். இவரு வாய மூடிட்டாரு. ‘அது பிரைவேட்’டாம். கொழும்புலேருந்து ஜீப் வருதாம், பின்னேரத்துக்குள்ள கூட்டிட்டுப் போயிருவாங்களாம். அம்மா ஸ்டேசன் பெஞ்சில ஒக்காந்து செபமாலை சொல்லிக்கிட்டிருக்கு. ஊடால ஐயாவ திட்டிக்குது.”

கொழும்பு ஜீப்பில் ஏறினவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று அந்த வருஷம் யாரும் கேட்பதில்லை. கேட்கிறவரையும் ஏற்றுவார்கள் என்ற பயம். மஸீனா கடைக் கதவை இழுத்துச் சாத்தினாள். போகிற போது ‘ஆயிரம் தமிழ் எழுத்துரு’ என்று எழுதியிருந்த ஒரு சீடியை எடுத்துக்கொண்டு போனாள்.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரியான ஓஐசி நின்றுகொண்டிருந்தார். மேசைக்குப் பின்னால் நல்ல குஷன் வைத்த கதிரை இருந்தது. ஆனாலும் அவர் உட்காரவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றபடி, கடதாசியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

“இது என்ன?” என்று சிங்களத்தில் மஸீனாவைக் கேட்டார். “இந்த இடத்தில் நூற்றுவீதக் குறி. அதற்குப் பக்கத்தில் வை, கே, செமிக்கோலன். எதில் எத்தனை வீதம்?”

“வீதமில்ல சேர். அது தமிழ் எழுத்து. எழுத்துருவைப் போட்டா தமிழாகிரும்.” மஸீனாவுக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடும். “என் கடைக்கு வாங்க சேர், மெஷின்லயே காட்டுறேன்.”

“உன் கடையில் மாறினால் அது உன் வேலை. இங்கே மாற வேண்டும். என் மெஷினில், என் கண்ணுக்கு முன்னால்.” பிறகு பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். “இல்லாவிட்டால் இந்த மனுசன் வாயைத் திறந்து இதில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.”

பெஞ்சில் இராஜரத்தினம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு பக்கமாகச் சரிந்துதான் உட்கார்ந்திருந்தார்.

“சொல்லுங்கோவன்!” என்றா செசிலியா. “மானம் போனால் போகட்டும். நீங்கள் போனால் நான் எங்க போய்த் தேட?”

“நீர் பேசாமல் இரும்.”

“நான் சொல்லட்டோ?”

“செசிலியா! என்ர செத்த வீட்டுக்கும் நீர் வரப்படாது, சொல்லிப்போட்டன்!”

ஓஐசிக்குத் தமிழ் விளங்காது. ஆனால் புருஷனும் பெண்சாதியும் எதையோ ஒளிக்கிறார்கள் என்பது எந்தப் பாஷையிலும் விளங்கும். அவர் முகம் இறுகியது.

நிலையத்தில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. அதன் பாஸ்வேர்ட்டை மொனிட்டரிலேயே கடதாசியில் எழுதி ஒட்டியிருந்தார்கள். திரையில் பாதி விளையாடிய சீட்டாட்டம். ஒரு பொலிஸ் பெண்பிள்ளை அதை அவசரமாக மூடிவிட்டு உட்கார்ந்தாள். கடதாசியில் உள்ளதை அவளே எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும், மஸீனா தொடக்கூடாது என்பது ஓஐசியின் கட்டளை.

அவள் சத்தமாகச் சொல்லிச் சொல்லி அடித்தாள். “பெர்சென்ட்... வை... கே... செமிக்கோலன்... எஃப்...”

பெஞ்சில் இராஜரத்தினம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தொடையில் விரல்கள் தானாக ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று கண்ணைத் திறந்தார். “மகள், அதில ஒரு செமிக்கோலன் விட்டிட்டீர்!”

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கடதாசியைப் பார்க்கவில்லை. திரையும் அவருக்குத் தெரியவில்லை. காதால் கேட்டே பிழை பிடித்திருக்கிறார். பெண்பிள்ளை கடதாசியைச் சரிபார்த்தாள். உண்மையாகவே விட்டிருந்தாள்.

“பார்த்தாயா?” என்றார் ஓஐசி மெதுவாக. “காதாலேயே வாசிக்கிறான்.”

மஸீனாவுக்கு அங்கிளைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது. அவர் ஒவ்வொரு தரமும் வாயைத் திறக்கக்கூடாத இடத்தில் திறந்தார். திறக்க வேண்டிய இடத்தில் மூடினார்.

அடித்து முடிந்தது. மஸீனா சீடியைப் போடச் சொன்னாள். ஆயிரம் எழுத்துருவில் எதைப் போடுவது? பேர் அழகாக இருந்த ஒன்றைக் காட்டினாள். பெண்பிள்ளை அதை ஏற்றி, அடித்ததை முழுக்கத் தெரிவு செய்து, எழுத்துருவை மாற்றினாள்.

திரையில் தமிழ் வந்தது.

“பாத்தீங்களா சேர்!” என்றாள் மஸீனா. சொல்லிவிட்டுத்தான் வாசித்தாள். ‘ளூ’வுக்குப் பக்கத்தில் ‘ஞெ’, அதற்குப் பக்கத்தில் ஒரு ஆய்த எழுத்து, பிறகு மூன்று ‘ண’. எழுத்தெல்லாம் நல்ல தமிழ் எழுத்துத்தான். ஆனால் பல்லு முளைக்காத குழந்தை பாடுகிற மாதிரி இருந்தது. ஒரு தளத்தில் ‘ம’ இருக்கிற விசையில் இன்னொரு எழுத்துருவில் ‘ஞெ’ இருக்கும். அந்தக் காலத்தில் தமிழர்களுக்குள் ஒற்றுமை இருந்த அளவுதான் எழுத்துருக்களுக்குள்ளும் இருந்தது.

ஓஐசி அவளைப் பார்த்தார். “வாசி.”

“ளூ... ஞெ...” என்று தொடங்கினாள் மஸீனா. ஆய்த எழுத்தோடு நின்றுவிட்டாள்.

“ஆகவே முதலில் ஆங்கிலத்தில் ரகசியம். இப்போது தமிழில் ரகசியம்.” அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “இது நீ அச்சடித்த கடதாசி. இல்லையா? உன் கடைப் பேர் அடியில் இருக்கிறது.”

ஹாஷிமுக்கு எப்படிச் சொல்வது, எந்தக் கூண்டிலிருந்து கோல் எடுத்துச் சொல்வது என்றெல்லாம் மஸீனாவுக்கு யோசனை ஓடியது. அப்போது பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

“பிள்ளை, கடைசி வரியைப் பாரும்.”

“எனக்கு வாசிக்கத் தெரியாதே அங்கிள்!” அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“நான் வாசிக்கிறன். ‘எழுத்துக்கள் தெரியவில்லையா? எழுத்துருவைப் பெற இங்கே அழுத்தவும்’ எண்டு கிடக்கு. உம்மட கடையில அந்த வரியை அழுத்தினால் சரியான எழுத்துரு வரும்.”

மஸீனா கடதாசியை எட்டிப் பார்த்தாள். கடைசியில் ஒரு கிறுக்கல் வரி. தெரியாதவர்களுக்கு உதவி செய்கிற வரி. அதையும் அதே எழுத்துருவில் எழுதி வைத்திருந்தார்கள். எழுத்துத் தெரிகிறவனுக்கு அது தேவையில்லை. தெரியாதவனுக்கு அது தெரியாது. அதைச் செய்த புண்ணியவானை மனசுக்குள் ஒரு பாட்டம் திட்டினாள். பிறகு இன்னொன்றும் உறைத்தது.

“இது கடையிலயே தெரியுமா ஒங்களுக்கு?”

“ஓம்.”

“ஏன் செல்லல்ல?”

“சொன்னால் நீர் அழுத்திப்போடுவீர். பிறகு எல்லாம் தமிழில வந்திடும்.”

செசிலியா மேலே கூரையைப் பார்த்து, “யேசுவே, இந்த மனுசனை என்னட்டத் தந்திட்டு நீர் சுகமா இருக்கிறீர்” என்றா.

மஸீனா அதைச் சிங்களத்தில் சொல்ல, ஓஐசி யோசித்தார். பிறகு ஒரு கான்ஸ்டபிளை மஸீனாவோடு கடைக்கு அனுப்பினார். பொன்னையா த்ரீவீலை ஓட்டிய ஓட்டத்தில் அந்தக் கான்ஸ்டபிள் புத்தரைக் கூப்பிட்டார். கடையில் மூன்றாம் மெஷினில் பக்கம் அப்படியே திறந்திருந்தது. மஸீனா அந்தக் கிறுக்கல் வரியை அழுத்தினாள். எழுத்துரு ஆடி அசைந்து இறங்கியது. அது இறங்குகிற நேரத்தில் ஒளித்து வைத்திருந்த நீல ‘ஈ’யைத் திறந்து, அடுத்த பக்கத்தையும் ஒருக்கால் அழுத்திப் பார்த்தாள். கார் விழுந்திருப்பதாகச் செய்தி வந்தது. வெள்ளைக்காரி வந்தாள். கான்ஸ்டபிள் இன்னும் கிட்ட வந்து நின்றார். அடுத்த பக்கம் மட்டும் வரவில்லை.

பென்டிரைவோடு திரும்பிப் போனபோது நிலைய வாசலில் கொழும்பு ஜீப் இன்னும் வந்து நிற்கவில்லை. மஸீனா உள்ளே ஓடினாள். பெண்பிள்ளை எழுத்துருவை ஏற்றினாள். அடித்ததைத் தெரிவு செய்தாள். பெரிதாகத் தெரியட்டும் என்று எழுத்தின் அளவையும் கூட்டினாள். மாற்றினாள்.

திரை முழுக்கத் தமிழ். சுத்தமான, நேரான, கொட்டை எழுத்துத் தமிழ். மேலே தலைப்பு. மஸீனா அதை வாசித்துவிட்டு உடனே தலையைக் குனிந்து முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

“இப்போது வாசி” என்றார் ஓஐசி.

“என்னால ஏலாது சேர்.”

“ஏன்?”

“வெக்கமா ஈக்குது சேர்.”

இது புது மாதிரியான வாக்குமூலம். ஓஐசி சுற்றிப் பார்த்தார். நிலையத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த பொலிஸ் ஒருத்தரும் இல்லை. இதுவும் இந்த நாட்டு வழக்கம்தான்: தமிழரைப் பிடிக்க எல்லோருக்கும் தெரியும், தமிழை வாசிக்கத்தான் ஆளில்லை. வாசலில் நின்ற பொன்னையா மேல் அவருடைய கண் விழுந்தது.

“நீ வா. உனக்கும் இவர்களுக்கும் என்ன சொந்தம்?”

“ஒரு சொந்தமும் இல்லீங்க மாத்தயா. ஏறுனா ஏத்துவேன், எறங்குனா எறக்குவேன்.”

“வாசி. வாசித்துச் சிங்களத்தில் சொல்லு.”

பொன்னையாவுக்கு மெதுவாக வாசிக்கவும் தெரியாது. கோயில் திருவிழாவுக்கு மைக்கில் அறிவிக்கிற குரலை எடுத்தான்.

“மூலம்! மூலத்தால் உட்கார முடியாமல் அவதிப்படுகிறீர்களா? எரிச்சலா? கடுப்பா? ரத்தமா? வெளியே சொல்ல வெட்கமா? கவலை வேண்டாம்!”

வாசித்துவிட்டு அதைச் சிங்களத்துக்கும் மாற்றினான். ‘மூலம்’ என்பதற்குச் சிங்களத்தில் என்ன மரியாதையான சொல் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதனால் கையால் இடத்தைத் தட்டிக் காட்டினான்.

முதலில் சிரித்தது அந்தப் பெண்பிள்ளைதான். பிறகு கான்ஸ்டபிள்மார். உள்ளே அடைத்து வைத்திருந்த ஒரு பிக்பொக்கெட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். செசிலியா செபமாலையைக் கையில் வைத்தபடியே தோள் குலுங்கினா. இராஜரத்தினம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய காது மட்டும் வெளியே தெரிந்தது. அது சிவந்திருந்தது.

சிரிக்காத ஆள் ஓஐசி ஒருவர்தான்.

“மேலே வாசி” என்றார்.

“நம் முன்னோர் கண்ட கைகண்ட மருந்து. ஒருமுறை உண்டால் மறுமுறை வராது. முதலில் நல்ல கருணைக்கிழங்கு ஒன்றை எடுத்து, மண் போகக் கழுவி...”

“நில்.” ஓஐசி சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். “உங்களுக்கு வேலை இல்லையா? எல்லோரும் வெளியே!”

எல்லோரும் போன பிறகு அவர் கதவைச் சாத்தினார். அறைக்குள் அவரும் பொன்னையாவும் மஸீனாவும், பெஞ்சில் அந்தப் புருஷனும் பெண்சாதியும் மட்டும். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“கழுவிய பிறகு?”

“கழுவி...” பொன்னையா திரையை மேலும் கீழும் தேடினான். “அவ்வளவுதாங்க. ‘செய்முறையும் உண்ணும் அளவும் அடுத்த பக்கத்தில்’னு போட்ருக்கு. அதுக்குக் கீழ எழுத்துரு வரி.”

“அடுத்த பக்கம் எங்கே?”

“திறக்குதில்ல சேர்” என்றாள் மஸீனா. “நான் ரெண்டிலயும் போட்டுப் பாத்தேன்.”

மஸீனா வந்த நேரத்திலிருந்து ஓஐசி முதல் தடவையாகக் கதிரையில் உட்காரப் பார்த்தார். பாதியிலேயே முகம் கோணியது. திரும்ப எழும்பி நின்றார். இராஜரத்தினம் கையை முகத்திலிருந்து மெல்ல எடுத்தார். அந்த எழும்புதலை அவர் பார்த்துவிட்டார். அப்படி எழும்புவதற்கு ஒரு தனி முறை இருக்கிறது. அது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

“எவ்வளவு காலமா சேர்?” என்று கேட்டார் இராஜரத்தினம், கச்சேரிச் சிங்களத்தில், மிகவும் மரியாதையாக.

ஓஐசி சாத்தின கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

“செக்பொயின்ட் டியூட்டி” என்றார். “வெயிலில் சூடான ஜீப் சீட்டில் நாள் முழுக்க.”

“எனக்குக் கச்சேரிக் கதிரை.”

“கருணைக்கிழங்கு சாப்பிட்டுப் பார்த்தீர்களா?”

“நாக்கு அரிச்சுக் கடிச்சதுதான் மிச்சம் சேர். அதுதான் செய்முறையைத் தேடினனான்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஓஐசி தொலைபேசியை எடுத்து, கொழும்புக்குப் பேசினார். ஜீப் தேவையில்லை, விசாரணை முடிந்தது, அது ஒரு மருத்துவ ஆவணம் என்றார். மறுமுனையில் என்ன மருத்துவம் என்று கேட்டிருக்க வேண்டும். “பொது” என்று சொல்லி வைத்துவிட்டார்.

கடதாசியை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. கோப்புக்கு வேண்டுமாம். இராஜரத்தினமும் கேட்கவில்லை. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பிய ஓஐசி, மஸீனாவை மட்டும் ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

“அடுத்த பக்கம் திறந்தால் எனக்கு ஒரு கோல் போடு. எந்த நேரமானாலும் பரவாயில்லை.”

அன்றைக்குப் பிறகு மஸீனா தினமும் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தப் பக்கத்தை அழுத்திப் பார்ப்பாள். வெள்ளைதான். அவங்கட சேர்வர்ல பிழை என்று சொல்லிக்கொள்ள அவளுக்கே இப்போது வாய் வரவில்லை. ஒருநாள் முதல் பக்கமும் போய்விட்டது. இப்போது அந்த முகவரியைத் தட்டினால் யாரோ சப்பாத்து விற்கிறார்கள்.

யுத்தம் முடிந்தது. எழுத்துருச் சண்டையும் முடிந்து, இன்றைக்கு எல்லா ஃபோனிலும் தமிழ் தமிழாகவே வருகிறது. ஓஐசி பென்ஷன் எடுத்துக் குண்டசாலையில் இருக்கிறார். நோன்புப் பெருநாளைக்கு மஸீனாவுக்குக் கோல் எடுத்து வாழ்த்துச் சொல்லுவார். சொல்லி முடித்து, குரலைத் தாழ்த்தி, “அது கிடைத்ததா?” என்பார். நத்தார்ப் பண்டிகைக்கு இராஜரத்தினம் வீட்டுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போவார். இரண்டு பேரும் விறாந்தையில் நின்றபடியே கதைப்பார்கள். செசிலியா உள்ளே இருந்து, “இருந்து கதையுங்கோவன்!” என்று வேண்டுமென்றே சத்தம் போடுவா.

கருணைக்கிழங்கைக் கழுவிய பிறகு என்ன செய்வது என்று அந்த இரண்டு பேருக்கும் இன்னும் தெரியாது. டொக்டரிடம் போகச் சொல்லி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். வெட்கமாம்.

அதனால் இதை வாசிக்கிற உங்களிடம் கேட்கிறது இதுதான். அந்த நாட்களில் தமிழ் மருத்துவத் தளங்களைச் சேமித்து வைக்கிற பழக்கம் உங்களில் யாருக்காவது இருந்திருக்கும். பழைய சீடியைப் பாருங்கள், பழுதான கொம்பியூட்டரின் ஹார்ட்டிஸ்கைப் பாருங்கள். ‘மூலம்’ என்று தொடங்கி, கருணைக்கிழங்கைக் கழுவுவதோடு நிற்கிற பக்கத்தின் அடுத்த பக்கம் உங்களிடம் இருந்தால், தயவுசெய்து கீழே பதிலில் போடுங்கள். எழுத்து மாறிக் கிறுக்கலாக வந்தாலும் பரவாயில்லை, திருத்த வேண்டாம், அப்படியே போடுங்கள். அதை வாசிக்கக் கண்டியில் ஒருத்தர் இருக்கிறார்.